நாலு விரல் கத்தி

பழைய துணிக் கிடங்கில் அவளுக்கு 'ச்சீயக்கா' என்று பெயர். கூட வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ச்சீ' என்கிறாள் என்று எண்ண ஆரம்பித்து, எண்ணி மாளாமல், கடைசியில் அதையே பெயராக்கிவிட்டார்கள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. யார் யாரோ உடுத்திக் கழித்த துணியெல்லாம் கட்டுக் கட்டாக அங்கே வந்து இறங்கும். கட்டைப் பிரித்தால் முதலில் வெளியே வருவது துணியில்லை, வாடை. பிறகு அக்குளில் மஞ்சள் பூத்த சட்டைகள், மூக்குச் சிந்தி மடித்த கைக்குட்டைகள், உள்ளே நகத் துணுக்கோடு காலுறைகள். ஒருமுறை ஒரு கோட்டுப் பையில் யாருடையதோ பல்செட் இருந்தது. கொடுத்தவர்கள் தானம் செய்துவிட்ட நிம்மதியில் எங்கோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். துவைத்துக் கொடுத்தால் சேர்த்து வைத்த புண்ணியம் கரைந்துவிடுமா என்ன?

இவ்வளவு அருவருப்புப் படுகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அதுதான் வேலை. கட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை அறுக்க வேண்டும், உடுத்த ஆகிற துணியைத் தனியாகப் பிரிக்க வேண்டும், ஆகாததில் பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்துவிட்டுத் துடைக்கிற துணியாகக் கிழிக்க வேண்டும். இதற்கெல்லாம் கத்திதான் கை. கிடங்கில் பொதுக் கத்திகள் ஒரு டப்பாவில் கிடக்கும். யார் யார் வியர்வையோ ஊறிய பிடிகள். அவள் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை. சொந்தக் கத்தி இடுப்பில் உறையோடு இருக்கும், காலையில் கிளம்பும்போது ஏறினால் வீட்டுக்கு வந்துதான் இறங்கும்.

மடக்குக் கத்தி அவளுக்கு ஆகாது. மடங்குகிற இடத்தில் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிம்பாகிவிடும், குச்சியை விட்டு நோண்டினாலும் வராது, முகர்ந்து பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மடங்காத கத்தி என்றால் ஒளிய இடமில்லை. வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். தினமும் மாலையில் அவள் முதலில் கத்தியைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் தான் குளிக்கப் போவாள்.

அப்படிப்பட்ட கத்தியை ஒரு நாள் காலை கிடங்கில் உறையிலிருந்து உருவினாள். கூடவே என்னவோ அவள் மணிக்கட்டில் உதிர்ந்தது. மஞ்சளாக, தடிப்பாக, மெழுகைச் சீவினாற்போல. நூல் பிசிறோ என்று கண்ணருகே கொண்டுபோனாள். பிசிறில்லை, தோல். மனுஷத் தோல்.

யாருடைய தோல் என்று விசாரணை வைக்கத் தேவையே இருக்கவில்லை. வீட்டில் கொழுந்தன் இருந்தான். வேலை தேடுகிறேன் என்று ஒரு பையோடு வந்தவன். வேலை அவனைத் தேடி வரட்டும் என்று இவன் படுத்துவிட்டான். வந்த அன்றே அவள் துண்டு ஈரமாயிற்று. மறுநாள் அவள் சீப்பில் அவன் முடி. குடிக்கிற செம்பை உதட்டில் வைத்துக் கவிழ்த்துவிட்டு அப்படியே பானையில் விட்டு மொள்ளுவான். சொன்னால் சிரிப்பான். அடித்தால்கூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்புத்தான் தாங்காது.

அன்று மாலை கேட்டாள். அவன் வாய் கூசாமல் சொன்னான்.

"ஆமா அண்ணி, கால் ஆணி. ரொம்ப நாளா தொந்தரவு. உங்க கத்தி என்னமா இருக்கு! ஒரே இழுப்பு, வழுக்கிட்டு வந்துருச்சு."

"கழுவினியா?"

"துடைச்சேனே." எதில் துடைத்தான் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவள் புருஷன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் நியாயம் சொன்னான். "கழுவினா போச்சு. கத்திதானே? அதுக்குப் போய் ஏன் மூஞ்சியை இப்படி வச்சுக்கிற?"

கழுவினால் போகிறதெல்லாம் போய்விடும்தான். மணிக்கட்டில் அது உதிர்ந்த இடத்தை அவள் அன்று முழுக்கத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது, இன்னும் போகவில்லை. கத்தியை உறையோடு காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். இந்த வீட்டில் தன்னைத் தவிர வேறு எவர் கையும் படாத பொருள் ஒன்றே ஒன்று வேண்டும். துண்டு போகட்டும், சீப்பு போகட்டும். ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் விடுமுறை, கத்திக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிய மீசையும் பெரிய கையுமாக உட்கார்ந்திருந்தார். எடுத்த எடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒன்றை உருவிக் காட்டினார். முதுகில் ரம்பப் பல், பிடியில் மண்டையோடு.

"இது ரொம்ப ஓடுதும்மா. பசங்க விரும்பி வாங்குறாங்க."

"வாங்கி என்ன பண்றாங்க?"

"போட்டோ எடுத்துக்குவாங்க."

"ச்சீ. எனக்கு வேலைக்கு வேணும். இடுப்புல கட்டிட்டு நாள் பூரா குனிஞ்சு நிமிரணும்."

நீளக் கத்தி அவளுக்கு எதற்கு? குனிந்தால் தொடையில் குத்தும். பட்டையை அறுக்கப் போய் உள்ளே இருக்கிற நல்ல துணியையும் சேர்த்துக் கிழித்துவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்குக் குட்டையாக இருந்தாலும் வம்பு. பட்டை ஒரே இழுப்பில் அறாது, ராவிக்கொண்டே இருக்க வேண்டும், ராவும்போதுதான் கை நழுவும். கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு விரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளம் அலகு இருக்க வேண்டும். அதுதான் கணக்கு.

கடைக்காரர் அதைப் புரிந்துகொண்டார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு கத்தியையும் எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சில் விரலால் கூர் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார். முதல் கத்தியை அவள் கையில் வாங்கவே இல்லை.

"வேற குடுங்க."

"ஏம்மா, நல்ல எஃகு."

"வேற."

அவர் அடுத்ததை எடுத்தார், நாக்கைத் தொட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயா, கூர் இருக்கான்னு நான் பாத்துக்கறேன். நீங்க எடுத்து வச்சா மட்டும் போதும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு எடுத்ததையெல்லாம் குற்றவாளி போல இரண்டு விரலால் பிடித்து மேஜையில் வைத்தார். அதில் இரண்டு அவளுக்குப் பிடித்தன. அலகு இரண்டிலும் ஒன்றுதான், சரியாக நாலு விரல். பிடிதான் வித்தியாசம். ஒன்றில் உள்ளங்கை நிறையப் பிடி. பிடித்ததும் கையோடு பிறந்தது போல இருந்தது. மற்றதில் பிடி குட்டை. அவள் சின்னக் கைக்கே சுண்டுவிரல் விளிம்பில் தொத்திக்கொண்டு நின்றது.

"பெரிய பிடிதாம்மா கைக்கு அடக்கம்" என்றார் கடைக்காரர். "இது வேணாம். சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும்."

அவர் சொன்னது சரிதான். நாள் பூராவும் அறுக்கிறவளுக்கு நிறைந்த பிடிதான் தேவை. ஆனால் நிறைந்த பிடி கொழுந்தன் கைக்கும் நிறையும், புருஷன் கைக்கும் நிறையும். வசதியான பொருளை அந்த வீட்டில் யார் விட்டுவைத்தார்கள்?

"ஐயா, இந்தக் குட்டையை நீங்க கொஞ்சம் பிடிச்சுக் காட்டுங்க."

அவர் பிடித்தார். புருஷன் கை அளவுதான் அவர் கையும். இரண்டு விரல் வெளியே திண்டாடின. இறுக்கிப் பிடித்தால் அலகுப் பக்கமாக விரல் சறுக்கியது. கடுப்போடு மேஜையில் வைத்துவிட்டார்.

"இதையே குடுங்க" என்றாள்.

மணிக்கட்டு முதல் நாளே வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள். வீட்டிலும் கத்தியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. சமைக்கும்போதும் பெருக்கும்போதும் அதோடுதான் திரிந்தாள். "அண்ணி போருக்குப் போறாங்க" என்று கொழுந்தன் சிரித்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி, மடித்த புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். கூடத்தில் புருஷன் ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அந்தக் கத்தி. வெடித்த குதிகாலைச் சீவிக்கொண்டிருந்தான். கீழே விரித்திருந்த காகிதத்தில் வெள்ளை வெள்ளையாகத் தோல் குவிந்திருந்தது. 

"வந்துட்டியா?" என்றான், ஆள்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பியபடி. லேசாகக் கீறியிருந்தது. "என்ன கத்தி வாங்கின நீ? என் கைக்கு அடங்கவே மாட்டேங்குது."

"உங்க கைக்கு அடங்கக் கூடாதுன்னு பாத்துத்தான் வாங்கினேன்."

அவன் காலைக் கீழே இறக்கினான். இப்போது நிஜமாகவே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன உன்னுது என்னுது? நான் என்ன தீண்டத்தகாதவனா? உனக்குத்தான் எல்லாத்துக்கும் அருவருப்பு. எனக்கு உன்கிட்ட அப்படி ஏதாவது இருந்திருக்கா? உன் பிரஷ்லதான் நானும் பல் தேய்க்கிறேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பேனா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்த பிரஷ்?"

"உன் பச்சை பிரஷ்தான். என்னோடது ஈறுல குத்துது. நீ தேய்ச்சு வச்சதும் நான் எடுத்துக்குவேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான். உனக்கு ஏதாவது ஆச்சா? ஒண்ணும் ஆகல இல்ல?"

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. கொழுந்தன் எழுந்து வந்து கதவோரம் நின்றான். முதன்முறையாக அவன் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அந்தப் பச்சை அண்ணியோடதா?" என்றான். "நான் உன்னோடதுன்னுல்ல அண்ணே நெனச்சேன்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நாக்கு பல்லில் பட்டது. அப்படியே திறந்த வாயோடு நின்றுவிட்டாள். மூடினால் எச்சிலை விழுங்க வேண்டியிருக்கும்.