மூக்குக்குள் குடியிருந்த ஆள்

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள் நான். என் ஆறு வயது மகன் முருகேசு வாயைத் திறந்தால் கதைதான். ஆட்டுக்குக் காய்ச்சல் என்று என் நல்ல சேலையை அதற்குப் போர்த்திவிடுவான். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

போன மாதம் ஒரு காலையில், "அம்மா, என் மூக்குக்குள்ள ஒரு ஆள் குடியிருக்கான். தண்ணியக் கண்டா எட்டிப் பாக்குறான்" என்றான்.

"பெரட்டுக்குப் பேர் குடுக்க நேரமாச்சு, சும்மா இருடா!" என்று ஏசிவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்துக்கு ஓடினேன்.

மறுநாள் மூக்கில் இரத்தம். நோண்டியிருப்பான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். "நான் இல்லம்மா, அவன்தான்" என்று அழுதான்.

நாலாம் நாளும் இரத்தம் வரவே, பயந்துபோய்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்து கொடுக்கும் ஐயா, அவனைத் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் குனியவைத்தார். மூக்கிலிருந்து ஓர் அட்டை மெல்லத் தலை நீட்டியது! இடுக்கியால் பிடித்து இழுத்தெடுத்தார்.

"ஓடையில வாய வச்சுத் தண்ணி குடிச்சிருக்கான். ஏம்மா, புள்ள ஒண்ணும் சொல்லலியா?"

"நான் சொன்னேங்க ஐயா" என்றான் மகன். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் அவன் எதைச் சொன்னாலும் முதலில் போய்ப் பார்க்கிறேன், பிறகுதான் ஏசுகிறேன். நேற்றுக் காலை நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக் கூரைமேல் கப்பல் நிற்கிறது என்றான். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். பெரட்டுக்குப் பிந்திப்போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.