இரண்டாவது பாட்டில்

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அன்று சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தது. நம் நாட்டில் குண்டு வைத்ததாகத் தேடப்பட்டவரை, அவர் தங்கியிருந்த வெளிநாட்டு நகரத்தில், பைக்கில் வந்த இருவர் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

"அப்டி போடு! எத்தினி வருசமா கேட்டுகினு கீறோம், அந்த நாட்டுக்காரன் புடிச்சிக் குடுத்தானா?" என்றார் பம்ப் ஆபரேட்டர். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. சட்டைப்பையிலிருந்த நாட்குறிப்பில் அப்போதே எழுதினேன்: "பயங்கரவாதி ஒழிந்தான்."

என்னுடன் ஆய்வகத்தில் இருக்கும் பாய் மட்டும் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டார். அவருடைய தம்பி அதே நகரத்தில் ஓட்டல் வேலையில் இருக்கிறார். தம்பியின் பெயரும் தகப்பன் பெயரும் தேடப்பட்டவருடையவைதான். ஊருக்கு வரும்போதெல்லாம் விமான நிலையத்தில் உட்காரவைத்து, கைரேகையை ஒப்பிட்டு, வேறு ஆள் என்று தெரிந்த பிறகே விடுவார்கள்.

"போன் எடுக்க மாட்றான் சார்."

இரண்டு மணிக்கு நான் சோதித்த நீரில் உப்பு அதிகமாகக் காட்டியது. அப்படிக் காட்டினால், நீரை ஊருக்கு அனுப்பாமல் கடலுக்கே திருப்பிவிடும் முன் இன்னொருவர் வேறு பாட்டிலில் எடுத்துச் சோதிக்க வேண்டும். நானே பார்க்கக் கூடாது. பாய் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார்.

"தண்ணி நல்லாதான் கீது. உங்க பாட்டிலக் கழுவல சார் நீங்க."

மூன்றேகாலுக்குத் தம்பி அழைத்தார். இரவு வேலை முடிந்து தூங்கியிருக்கிறார்.

"இங்க உசுரு போவுது, நீ தூங்கிகினு கீறியாடா?" என்று கத்திய பாய், பிறகு அழுதார்.

பம்ப் ஆபரேட்டர் ஓடிவந்தார். "நல்லாகீறாரா? பாத்தியா பாய், கரெக்டா ஆளப் பாத்துதான் அடிச்சிருப்பானுங்க."

"ஏர்போர்ட்ல ரேகை பாத்தாதான் என் தம்பி வேற ஆளுன்னு தெரியுது. பைக்ல வந்தவன் எத்தப் பாத்தான் மச்சான்?"

"அப்போ குண்டுல செத்தவங்களுக்கு இன்னா பதிலு?"

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியல. கோர்ட்டுல நிறுத்தியிருந்தா லீவு போட்டுனு போய்ப் பாத்திருப்பேன்."

பம்ப் ஆபரேட்டர் அவருக்கு டீ வாங்கி வரப் போனார்.

நாட்குறிப்பில் எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை. கீழே 3.40 என்று நேரமிட்டுச் சேர்த்தேன்: "பாயின் தம்பி நலம். செத்தவர் தேடப்பட்டவர்தானா, எனக்குத் தெரியாது. இரண்டு மணிப் பாட்டிலைக் கழுவாதது நான்."