மேம்பாலத்தில் ஒன்று, லாரியில் ஒன்று

என் வீடியோக்களுக்குக் கீழே எப்போதும் இரண்டே கேள்விதான். ஒன்று, "அக்கா, மைலேஜ் எவ்ளோ?" இன்னொன்று, "அக்கா, பின்னாடி மூணு பேர் தாராளமா உக்காரலாமா?" கல்லூரி நாளில் ஆரம்பித்து இன்றுவரை ஒரு பிரெஞ்சு கம்பெனியின் வண்டிகளைத்தான் அதிகமாக ஓட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. என்னைப் போன்ற சின்ன சேனலையும் மதித்து இரண்டு நாளைக்கு வண்டி கொடுத்து அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

கொடுத்ததெல்லாம் குடும்ப வண்டி. முதலில் ஒரு சின்னக் கார், பிறகு அதையே கொஞ்சம் தூக்கிக் கட்டிய கார், பிறகு ஏழு பேர் உட்காரும் கார். முடிச்சூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, வண்டலூர் வரை வேகத்தடைகளில் ஏற்றி இறக்கி, செம்பாக்கம் ஏரிக்கரைச் சந்துகளில் திருப்பிப் பார்ப்பேன். கடைசி வரிசை சீட்டுக்கு அளவுகோல் என் சித்தி. அவள் ஏறி உட்கார்ந்து, "முட்டி இடிக்குதுடி" என்றால், 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று வீடியோவில் சொல்லிவிடுவேன்.

உபயோகமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கம்பெனிக்கு இன்னொரு முகம் உண்டு. காய்கறி வாங்கப் போகிற சின்னக் காருக்குள் கிட்டத்தட்ட ஒரு பந்தய இன்ஜினைத் திணித்து, சீட்டை இறுக்கி, கண் கூசுகிற மாதிரி மஞ்சள் அடித்து விற்பார்கள். ஹாட் ஹேட்ச் என்று பேர். எல்லாம் அவர்கள் ஊரில். இங்கே அதை விற்றதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் மலைப்பாதையில் அதை விரட்டும் வீடியோக்களை ஹெட்போன் போட்டுக் கண்ணை மூடிக் கேட்பேன். எந்த வளைவில் கியர் மாறும் என்பது எனக்கு மனப்பாடம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், வழக்கமாக எனக்கு வண்டி அனுப்புகிற கம்பெனி மேடம் போன் செய்தார்.

"ஒண்ணு சொல்றேன், கத்தாதீங்க."

டீலர்களுக்குக் காட்ட ஒரு மஞ்சள் வண்டி வந்திருக்கிறதாம். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் நிற்கிறதாம். "நாளை மறுநாள் காலைல உங்களுக்கு ஒரு மணி நேரம். மதியம் லாரி வந்துடும், நேரா ஹார்பர். மறுபடி வராது."

கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். "மேடம், எங்கப்பா வெச்சிருக்கற உங்க கம்பெனி ஏழு சீட்டரையும் எடுத்துட்டு வரேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு ஒரே வீடியோ!" என்றேன். அவருக்கும் பிடித்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் டிவியில் ரெட் அலர்ட்.

எங்கள் பக்கத்தில் ரெட் அலர்ட் என்றால் பாலும் பிரெட்டும் அப்புறம்தான், முதலில் கார். 2015 வெள்ளத்தில் எங்கள் பழைய காருக்கு ஸ்டீயரிங் வரை தண்ணீர் ஏறியதை அப்பா மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வேறென்ன செய்ய முடியும்? அன்றிலிருந்து எச்சரிக்கை வந்தாலே தெருவே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக வண்டிகளை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் திரும்புவோம்.

"நாளைக்குக் காலைல எனக்கு வண்டி வேணும்ப்பா."

"வண்டி இருந்தாத்தானே வேணும்? போய் மேல ஏத்திட்டு வா."

நானே கொண்டுபோனேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி அருமையான இடம் கிடைத்தது. முன்னால் ஒரு வேன். பின்னால் கிடந்த இடுக்கில் சாம்பல் நிறக் கார் ஒன்றை நுழைக்க ஒரு சார் தவித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? இறங்கிப்போய் வழிகாட்டினேன். "வாங்க சார்... வாங்க... இன்னும் ஒரு ஜாண் இருக்கு... ஸ்டாப்!" இரண்டு பம்பருக்கும் நடுவில் என் விரல் நுழைகிற இடைவெளி.

"சென்சார் மாதிரி சொல்றீங்கம்மா" என்றார். பூரித்துப்போனேன். அதற்குள் எங்களை அணைத்தபடி வெளிப்பக்கத்தில் இரண்டாவது வரிசையும் நின்றுவிட்டது. அதையும் பார்த்தேன். நாளைக்கு என் வண்டி எப்படி வெளியே வரும் என்று மட்டும் தோன்றவில்லை.

காலையில் ஒரு சொட்டு இல்லை. துலக்கி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி வானம். புயல் கடலிலேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கிறதாம். என் வீடியோக்களுக்கு கேமரா பிடிக்கிற நண்பன் மேம்பாலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இன்னா மச்சி, உன் வண்டிய பொட்டலம் கட்டி வெச்சிகீறானுங்க?"

சாம்பல் காரின் கண்ணாடியில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருந்தது. அடித்தேன். எடுத்தது அவர் மனைவி. "அவர் காலைலயே ட்ரெயின்ல ஆபீஸ் போயிட்டாரேம்மா. சாவி அவர் பையிலதான்."

"ஸ்பேர் சாவி இருக்கா ஆன்ட்டி?"

"அது பத்திரமா வண்டிக்குள்ளயே இருக்கும்." கொஞ்சம் யோசித்து, "ஏம்மா, மழைன்னு சொல்றாங்களே, இப்ப எதுக்கு எடுக்கறே? நிக்கட்டுமே" என்றார்.

வேனில் நம்பரே இல்லை. பக்கத்து வண்டியை நானும் நண்பனும், நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேருமாகத் தள்ளிப் பார்த்தோம். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, டயருக்குக் கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த மகராசன். எங்கள் வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரிடம் சொல்வது? கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தேன். எல்லாம் தெற்கே, மஞ்சள் வண்டி நிற்கிற பக்கமே போய்க்கொண்டிருந்தன.

"வண்டிய வுடு, நாம போலாம் வா" என்று நண்பன் இழுத்தான். அதற்குள்ளேயே வெகுநேரம் வீணாகியிருந்தது. தாம்பரம் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது செங்கல்பட்டு ரயில் கண்ணெதிரே நகர்ந்தது. அடுத்ததைப் பிடித்து, இறங்கி, ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் வண்டி லாரியின் மேல் நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"புயல்னாங்களேம்மா, அதான் வெள்ளனே வந்துட்டேன்" என்றார் லாரி டிரைவர்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பேப்பர் எல்லாம் முடிச்சாச்சு. இனி இறக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. ட்ரை பண்ணிட்டேன்." அவர் மேல் கோபப்பட முடியவில்லை. லாரிக்காரர் மேலும் முடியவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

டிரைவர்தான், "மேல ஏறி உக்காந்து பாத்துக்கயேன். கட்டி கீது, எங்கியும் போவாது" என்றார்.

ஏறினேன். சீட் இரண்டு பக்கமும் விலாவைப் பிடித்துக்கொண்டது. இடதுபக்க ஸ்டீயரிங் என்பதால் என் வலது கை கியரைத் தேடிப் பிடித்தது. கிளட்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றினேன். சாவி இல்லை, சத்தம் இல்லை. வாயால் சத்தம் கொடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கண்ணாடி இறக்கும் பொத்தானைத் தொட்டதும் கை அங்கேயே நின்றுவிட்டது. அப்பாவின் வண்டியில் இருக்கிற அதே பொத்தான். அதே வழுவழுப்பு, அதே டிக்.

கீழேயிருந்து நண்பன் கேமராவை உயர்த்தினான். "எதுனா சொல்லு மச்சி."

இத்தனை வருஷம் இந்த வண்டிக்காகச் சேர்த்து வைத்த வாக்கியங்கள் எத்தனை! திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன்.

"பின்னாடி மூணு பேர் உக்காரலாம்," என்றேன். "கொஞ்சம் நெருக்கம்."

அப்போதுதான் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பழக்கதோஷத்தில் வைப்பரைத் தட்டினேன், அசையவில்லை. தடதடவென்று பிடித்துக்கொண்டது மழை. போன் அடித்தது. அப்பா.

"எங்கடி இருக்கே? இங்க கொட்டு கொட்டுனு கொட்டுது. தெருவுல கணுக்கால் தண்ணி. நல்லவேளை, வண்டி பாலத்துல நிக்குது!" அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"ஆமாம்ப்பா, நல்லவேளை" என்றேன்.

டிரைவர் கதவைத் தட்டினார். "இறங்கும்மா, தார்ப்பாய் போடணும். புது சீட்டு, நனையக் கூடாது." இறங்கினேன். அவர் ஒற்றை ஆளாக அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் காற்றில் பறந்தது.

"அந்த முனைய கொஞ்சம் புடிச்சிக்கோம்மா."

பிடித்துக்கொண்டேன். மஞ்சள் முழுக்க மறைகிறவரை இழுத்துக் கட்டினோம்.