ஈர்க்கு உரித்த விரல்கள்

குருத்தோலையைத் தடவினேன். ஓலை கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை நின்று, தோட்டமே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில் தோரணம் கட்டியாக வேண்டும். விரியாத தென்னங்குருத்தை வெட்டி, ஈர்க்கை உரித்து, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைப்பது என் பொறுப்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அந்த வேலையில்தான் மரியாதை.

அன்று ஈர்க்கின் நுனி நகத்தில் அகப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். என் மனைவி அஞ்சலை பார்த்துவிட்டாள்.

"என்னாங்க இது! சாமிக்குப் போற ஓலைய எச்சி பண்றீங்க?"

"கை மரத்துப் போச்சு, அஞ்சல."

கட்டு முழுவதும் ஆட்டுக்குப் போயிற்று. அந்த வருடம் கோயிலில் வெறும் மாவிலைதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் (மருந்து கொடுப்பவர்) என் காலை அழுத்தினார். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. பெரிபெரி (சத்துக் குறைவால் கால் வீங்கி, நரம்பு மரத்துப்போகும் நோய்) என்றார். மருந்து இல்லை, தவிடும் பச்சைப்பயறும் சாப்பிடச் சொன்னார்.

"விரல் திரும்ப வருங்களா ஐயா?"

தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று வழியெல்லாம் யோசித்தேன். விரல் வராவிட்டால் இந்தத் தோட்டத்தில் நான் யார்?

பக்கத்து மலாய்க் கிராமமான சுவா கம்பத்தில் நெல் குத்தும் வீடுகளில் கிழங்கைக் கொடுத்துத் தவிடு வாங்கி வந்தாள் அஞ்சலை. கோழித் தீனி என்று முகம் சுளித்துக்கொண்டே தின்றேன்.

சில மாதம் கழித்து டிரஸர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஊசியால் விரலைத் தொடுவாராம்.

"தெரியுதா?"

"நல்லா தெரியுதுங்க ஐயா!"

"நான் இன்னும் தொடவே இல்லையேப்பா."

அஞ்சலை சிரித்துவிட்டாள். "இவருக்கு வாயி மட்டும் மரக்கலைலா!"

இதே நோயில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பயத்தில் பொய் சொல்லாதீர்கள். அதன்பின் நான் தெரியாததைத் தெரியவில்லை என்றே சொன்னேன். முதலில் கட்டைவிரலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு சுட்டுவிரலில். ஒவ்வொன்றாக, தங்கள் இஷ்டத்துக்கு விரல்கள் திரும்பி வந்தன.

அடுத்த பொங்கலுக்கு முதல் நாள் குருத்து முழுவதையும் நகத்தாலேயே உரித்தேன். ஓர் ஓலையும் கிழியவில்லை. அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே காவல் காத்தாள்.

கோயில் வாசலில் தோரணம் ஏறியது. யாரும் கேட்காமலே நாலு பேரிடம் சொன்னேன்: "நான் உரிச்சதுலா."

இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் வரவில்லை. காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன். எதற்கெடுத்தாலும் பதறுகிற நான் அதை மட்டும் அவசரப்படுத்துவதில்லை. அதற்கு அதன் நாள் இருக்கிறது.