சேற்றில் ஓட்டிக் காட்டிய மாமா

என் மாமா அசன் மைதீன் டிராக்டரை முடுக்கினால் பாபநாசம் மலையே ரெண்டடி தள்ளி உட்காரும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். திருநெல்வேலியில் ஒரு டிராக்டர் ஏஜென்சியில், வாங்க வருகிறவர்களுக்கு வயலில் வண்டியை ஓட்டிக் காட்டுவதுதான் அவர் வேலை.

தொண்ணூற்றாறில் களக்காட்டுத் தங்கப்பாண்டி அண்ணாச்சி, இரண்டு கம்பெனி வண்டிகளையும் ஒரே வயலில் இறக்கச் சொன்னார். புதையாத வண்டியை வாங்குவாராம். போட்டிக் கம்பெனி வண்டி எடை குறைவு. அதனால் மாமாவின் முதலாளி, எங்கள் வண்டியின் முன்பக்கம் மாட்டியிருந்த இரும்புக் கட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். அவை இல்லாமல் சக்கரம் சேற்றில் சிக்கினால், முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே வண்டி மல்லாந்துவிடும். மாமாவுக்கு அது தெரியும். மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். காலையில் அவர் இட்லியைத் தொடவே இல்லை.

நடு வயலில் சக்கரம் சிக்கியது. முன்பக்கம் ஒரு முழம் எழும்பியது. மாமாவின் முகம் வெளுத்துப்போனது. வேடிக்கை பார்க்க வரப்பில் நின்றிருந்த நான் ஓடிப்போய் வண்டியின் முன்னால் ஏறி உட்கார்ந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கையாட்டினேன். ஊரே சிரித்தது. முன்பக்கம் பைய இறங்கியது. வண்டி கரையேறியது.

"ரெண்டு ஆள் ஓட்டுத வண்டி எனக்கு எதுக்குவே?" என்று சொல்லி அண்ணாச்சி மற்ற வண்டியை வாங்கிக்கொண்டார்.

மாமா வாய்க்காலில் கால் கழுவினார்.

"சும்மா சேட்டைக்கு ஏறுனேன் மாமா," என்றேன்.

"சேட்டைன்னா பின்னாலல்லா தொங்குவ? முன்னால ஏம்லே ஏறுன?"