மீன் இல்லாத மீன் குழம்பு

போன வாரம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வாசம். அங்கே இந்த மாதம்தான் நோயாளிகளுக்குப் புதுச் சாப்பாடு ஆரம்பித்திருக்கிறார்கள் – எல்லாமே செடி கொடியில் விளைந்தது. சைவம்தானே, இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? பால், தயிர், நெய்கூடக் கிடையாது சார்! காபியில் தேங்காய்ப்பால்... குடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நானாவது முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டில் தேசப்பன் தட்டைத் தொடவே இல்லை. கோவளத்தில் படகு ஓட்டுபவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் புண் ஆறாது, விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியும் மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மீன் ருசி கண்ட நாக்கு, அதான் அடம் – என்று நானாகவே முடிவு கட்டினேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அவர் மனைவி அஞ்சலையிடம் கேட்டேன்.

"ருசியெல்லாம் இல்லண்ணே... எங்காண்ட சாவு வூட்லதான் காரியம் முடியறவரைக்கும் மீன் கொழம்பு வெக்க மாட்டோம். மூணு நாளா சாம்பாரு, கூட்டுன்னே வருதா... 'எனக்கே கருமாதி சோறு போட்டுட்டாங்கடி'ன்னு அழுதுகினு கீறாரு."

எனக்குச் சுருக்கென்றது. டயட்டீஷியன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஈரோட்டுப் பெண், சின்ன வயசு. சத்துப் பட்டியலைக் காட்டி விளக்கம் கொடுப்பார் என்று பார்த்தால், நேரே அஞ்சலையிடம் போனார்.

"அக்கா, நீங்க மீன் குழம்பு எப்படி வைப்பீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

மறுநாள் மதியம் டயட்டீஷியனே தட்டைக் கொண்டுவந்தார். கரைத்து ஊற்றிய புளி, மாங்காய்த் துண்டு, கடைசியில் தட்டிப் போட்ட பூண்டு... மீனுக்குப் பதில் கத்தரிக்காய். அந்த வாசனைக்கே தேசப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். குழம்பைத் துழாவிப் பார்த்தார்.

"மீனு எங்கம்மா?"

"கடல்லதாங்கய்யா இருக்குது. சாப்பிட்டுக் காலை ஆத்திக்கிட்டு, நீங்களே போய்ப் புடிச்சுக்கோங்க."

சிரித்துவிட்டார். ஒரு வாய், இன்னொரு வாய்... தட்டு காலி. அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பும்போது தேசப்பன் நர்ஸை அதட்டிக்கொண்டிருந்தார்: "இன்னாம்மா, கொழம்புல உப்பே இல்ல?"

சாப்பாட்டில் நொட்டை சொல்ல ஆரம்பித்துவிட்டாரா – இனி ஆள் பிழைத்துக்கொள்வார்!