ஒரு "வாங்கோவன்" செய்த வேலை

மெக்சிக்கோவுக்கு நானும் இவரும் மட்டும் நாலு நாள் போவதாக இருந்தோம். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருசத்தில் இதுதான் முதல் தடவை.

கடல், கடை, சாப்பாடு எல்லாத்துக்கும் நடந்தே போகக்கூடிய ஒரு சின்ன இடமாக நான்தான் ஒரு மாதம் தேடிப் பிடித்தேன். கார் இருந்தால் இவர் பார்க்கிங் தேடியே விடுமுறையை முடித்துவிடுவார்.

இன்றைக்கு எங்கள் ஊர் ஜான்-டலோன் சந்தையில் நாங்கள் இருவரும் கத்தரிக்காய் பொறுக்கும்போது, பக்கத்து ஊரான லவாலில் இருக்கும் இவருடைய அக்கா எதிரே வந்தார்.

"என்னடா தம்பி, லீவுக்கு எங்கையும் போறியளோ?"

"மெக்சிக்கோவுக்குப் போறம் அக்கா. நீங்களும் வாங்கோவன்."

சும்மா மரியாதைக்குச் சொன்னாராம்! சாப்பிடும் நேரம் ஆராவது வந்தால் "வாங்கோவன், சாப்பிடுவம்" என்போமே, அந்த மாதிரி. அதற்கு "இப்பதான் சாப்பிட்டனான்" என்று சொல்வதுதானே முறை?

அக்கா "ஓம், வாறம்" என்றார். "அத்தானுக்கு முழங்கால் நோ, நடக்க ஏலாது. அங்கை வாடகைக்கு ஒரு வான் எடுப்பம். நான் ரைஸ் குக்கர் கொண்டு வாறன்."

நான் இவருடைய காலை நன்றாக மிதித்தேன்.

"ஓம் அக்கா, பெரிய வானா எடுப்பம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "இப்ப என்னப்பா செய்யிறது?" என்று என்னையே கேட்கிறார்.

"வானை ஓடுங்கோ. பார்க்கிங் தேடுங்கோ" என்றேன்.

தப்ப வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எவ்வளவு நல்ல வழி சொன்னாலும், "நீங்களும் வாங்கோவன்" என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.